எரிமலை நடுக்கம்: வீச்சை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்

2009 மார்ச் கடைசியில் அலாஸ்காவின் ரீடவுட் எரிமலை அடுத்தடுத்து வெடித்துக்கொண்டிருந்தது. அதில் ஆறு வெடிப்புகளுக்குச் சற்று முன்பு பதிவான அதிர்வை ஸ்பெக்ட்ரோகிராமில், அதாவது எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் பலமாக இருந்தது என்று காட்டும் படத்தில், பார்த்தால், படத்தின் அடிப்பக்கத்தில் ஒரு மெல்லிய கோடு தொடங்குகிறது. 1 ஹெர்ட்ஸுக்கும், அதாவது விநாடிக்கு ஓர் அதிர்வுக்கும், கீழே. அதற்கு மேல் சம இடைவெளியில் இன்னும் சில கோடுகள். எல்லாமும் சேர்ந்து மேல்நோக்கி வளைந்து ஏறுகின்றன. பத்து நிமிடத்துக்குள் அடிக்கோடு 30 ஹெர்ட்ஸ் வரைக்கும் போய்விடுகிறது. பிறகு சட்டென்று எல்லாக் கோடுகளும் அறுந்துபோகின்றன. 10 முதல் 60 விநாடி வரை ஏறக்குறைய எதுவும் இல்லை. அதன் பிறகு வெடிப்பு. இந்தப் பதிவை வேகமாக ஓட்டிக் காதால் கேட்டால் நிஜமாகவே ஓர் அலறல்தான்.

எரிமலை நடுக்கம் என்றால் உள்ளே மாக்மா எனும் உருகிய பாறைக் குழம்பு ஓடுகிற சத்தம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. ஓடுவதால் மட்டும் எதுவும் அதிர்வதில்லை. தேனைச் சாய்த்து ஊற்றும்போது பாட்டில் அதிர்கிறதா? அதிர்வு வர வேண்டுமானால் எங்கோ ஓரிடத்தில் அழுத்தம் சட்டென மாற வேண்டும். பாறை உடைய வேண்டும், அல்லது வாயு பீறிட வேண்டும், அல்லது ஓட்டம் ஓர் இடுக்கில் மாட்டித் திணற வேண்டும். இவற்றில் எது நடக்கிறது என்பதை நடுக்கத்தின் பலம், அதாவது வீச்சு, சொல்லாது. அதிர்வெண் எங்கே நிற்கிறது, நகர்கிறதா, தட்டியபின் எவ்வளவு நேரம் அடங்காமல் ஒலிக்கிறது, எப்போது நின்றுபோகிறது என்று பார்த்தால்தான் ஏதாவது புரியும்.

முதலில் பதிவில் எதையெல்லாம் பார்க்கிறோம் என்று பிரித்துக்கொள்வோம். மாக்மா பாறையை நெருக்கி உடைத்தால் வருவது சாதாரண நிலநடுக்கம் மாதிரிதான். முதலில் வந்துசேரும் வேகமான பி அலை கூர்மையாகத் தொடங்கும், பின்னாலேயே அதைவிட மெதுவான எஸ் அலை வரும், 5 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் ஆற்றல் நிறைய இருக்கும். இதை எரிமலை-டெக்டானிக் அதிர்வு என்பார்கள். பாறை உடைந்தது என்பதைத் தவிர வேறு ரகசியம் அதில் இல்லை. இரண்டாவது வகை நீள்கால அதிர்வு, அதாவது ஒவ்வோர் அலையும் நீண்ட நேரம் எடுக்கும் தாழ்ந்த அதிர்வெண் அதிர்வு. தொடக்கம் மங்கலாக இருக்கும், எஸ் அலையைத் தேடினாலும் கிடைக்காது, ஆற்றல் எல்லாம் 0.5 முதல் 5 ஹெர்ட்ஸுக்குள் அடங்கும். மணியைத் தட்டிவிட்ட மாதிரி மெல்ல மெல்லத் தேயும். இதே ஒலிப்பு அணையாமல் நிமிடக் கணக்கில், நாள் கணக்கில், சில மலைகளில் மாதக் கணக்கில் நீடித்தால் அதுதான் நடுக்கம். நீள்கால அதிர்வும் நடுக்கமும் பல நேரம் ஒரே இடத்தில், ஒரே அதிர்வெண்ணில் வருகின்றன. ஒருமுறை தட்டினால் அதிர்வு, விடாமல் தட்டினால் நடுக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

தட்டப்படுவது எது? 1980களில் எரிமலை அதிர்வு ஆய்வாளர் பெர்னார்ட் ஷூவே முன்வைத்த மாதிரி இன்றும் நிற்கிறது: திரவமோ வாயுவோ நிரம்பிய ஒரு விரிசல். உள்ளே ஓரிடத்தில் அழுத்தம் திடீரென்று மாறினால் அலை விரிசலின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் போய்ப் போய்த் திரும்பும். இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கும் குழலில், அலைவேகத்தை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அடிப்படை அதிர்வெண் கிடைக்கும். 2 ஹெர்ட்ஸ் பதிவாகிறது, மாக்மாவில் ஒலி விநாடிக்கு 2,000 மீட்டர் போகிறது என்று எடுத்தால் 500 மீட்டர் நீளக் குழல் தேவை. ஒரே சீராக அவ்வளவு நீளம் எரிமலைக்குள் இருக்குமா என்று அந்தக் காலத்தில் பலரும் தயங்கினார்கள். ஷூவேயின் கணக்கு அங்கேதான் கைகொடுத்தது. விரிசல் மெல்லியது, அதன் சுவர் வளைந்துகொடுக்கும். அலை போகும்போது திரவம் அழுந்துவதோடு சுவரும் விலகுகிறது, அதனால் அலை மந்தமாகிறது. வேகம் 400 மீட்டராகக் குறைந்தால் அதே 2 ஹெர்ட்ஸுக்கு 100 மீட்டர் விரிசல் போதும்.

குமிழிகள் இந்தக் கணக்கை இன்னும் புரட்டிப் போடுகின்றன. சுத்தமான தண்ணீரில் ஒலி விநாடிக்கு சுமார் 1,500 மீட்டர், காற்றில் 340 மீட்டர். தண்ணீருக்குள் கன அளவில் ஒரே ஒரு சதவீதம் காற்றுக் குமிழியைக் கலந்தால் வேகம் ஏறக்குறைய 120 மீட்டருக்கு இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் அல்ல, இரண்டையும்விடக் கீழே! காரணம் எளிது. குமிழி ஸ்பிரிங் மாதிரி நெகிழ்கிறது, ஆனால் அசைக்க வேண்டிய எடை முழுக்கத் தண்ணீருடையது. இது தரைமட்ட அழுத்தத்தில் வரும் எண். ஆழத்தில் அழுத்தம் குமிழியை இறுக்கிவிடும், விளைவு குறையும். அதனால்தான் மாக்மா மேலே வரவர, கரைந்திருந்த நீராவியும் கரியமில வாயுவும் கந்தக வாயுவும் குமிழியாகப் பிரியப் பிரிய, விரிசலின் நீளம் மாறாமலேயே அதிர்வெண் இறங்கலாம். வாயு வெளியேறினாலோ அழுத்தம் கூடினாலோ திரும்ப ஏறலாம். கோடு நகர்ந்தது என்பதற்காக விரிசல் நீண்டது, சுருங்கியது என்று உடனே முடிவு கட்டுவது பெரிய தவறு.

ஒலிப்பு எவ்வளவு சீக்கிரம் தேய்கிறது என்பதும் உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். குமிழி நிறைந்த பிசுபிசுப்பான மாக்மா ஆற்றலைச் சீக்கிரம் விழுங்கிவிடும், சில சுற்றுகளிலேயே அடங்கிவிடும். சாம்பல் துகளோ நீர்த்துளியோ கலந்த வாயு நிரம்பிய விரிசல் அப்படி இல்லை, வெகுநேரம் ஒலிக்கும். கொலம்பியாவின் கலேராஸில் பதிவானவை இப்படிப்பட்டவை. தலை தடித்து, வால் சீராக மெலிந்து நீண்டு, பதிவில் ஸ்க்ரூ ஆணி மாதிரியே இருக்கும். ஸ்பானிய மொழியில் ஸ்க்ரூவுக்கு டோர்னீயோ, அதையே பெயராக வைத்துவிட்டார்கள். 1993 ஜனவரி 14 வெடிப்புக்கு முன்பு இவை மிகக் குறைவாகவே வந்தன. மொத்த நில அதிர்வும் அடங்கியே இருந்தது. அன்று எரிமலை வாயில் இருந்த ஆறு விஞ்ஞானிகளும் மூன்று சுற்றுலாப் பயணிகளும் இறந்தார்கள். பலத்தையும் எண்ணிக்கையையும் மட்டும் பார்த்திருந்தால் அது அமைதியான மலை.

சரி, தட்டியது அடங்கிவிடும். நடுக்கம் மணிக்கணக்கில் அடங்காமல் இருக்கிறதே, விடாமல் தட்டுவது யார்?

ஒரு பதில் ஓட்டமே. ஊதிய பலூனின் வாயை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துக் காற்றை விட்டால் கீச்சிடும் அல்லவா? இடுக்கில் ஓட்டம் வேகமாகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது, சுவர்கள் உள்ளே இழுக்கப்படுகின்றன. இடுக்கு ஒடுங்கியதும் ஓட்டம் தடைபட்டுப் பின்னால் அழுத்தம் ஏறுகிறது, சுவர்கள் திரும்ப விலகுகின்றன. நில அதிர்வியலாளர் புரூஸ் ஜூலியன் 1994இல் இந்த ஏற்பாட்டைச் சமன்பாடாக எழுதிக் காட்டினார். சீரான ஓட்டம் ஒரு வேகத்தைத் தாண்டினால் தானாகவே அதிரத் தொடங்கும். ஓட்டத்தை இன்னும் கூட்டினால் ஒழுங்கான அதிர்வின் கால இடைவெளி இரட்டித்து, கடைசியில் ஒழுங்கே இல்லாமல் போகும்.

இன்னொரு பதில் நம் அடுப்படியிலேயே இருக்கிறது. குக்கர் வெயிட். ஆவி சேர்ந்து வெயிட்டைத் தூக்குகிறது, கொஞ்சம் சீறுகிறது, அழுத்தம் இறங்கியதும் வெயிட் உட்காருகிறது, மறுபடி சேர்கிறது. எரிமலை வாயை ஆறிக் கெட்டியான எரிமலைக் குழம்போ நொறுங்கிய பாறையோ அடைத்திருந்தால் வாயு இப்படித்தான் துடிப்புத் துடிப்பாக வெளியேறும். ரஷ்யாவின் கரிம்ஸ்கியிலும் கோஸ்டா ரிகாவின் அரேனாலிலும் ரயில் எஞ்சின் போல விநாடிக்கு ஒன்று என்கிற கணக்கில் புகை தள்ளிய பதிவுகள் உண்டு. இங்கே குழலோ விரிசலோ மணி போல ஒலிக்கும் ஒத்ததிர்வு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒரே மாதிரியான துடிப்புகள் சம இடைவெளியில் வந்தால் போதும், ஸ்பெக்ட்ரோகிராமில் கோடுகள் தானாக முளைக்கும். விநாடிக்கு இரண்டு துடிப்பு என்றால் 2, 4, 6, 8 ஹெர்ட்ஸில் கோடுகள். இடைவெளியில் மூன்று சதவீதத் தடுமாற்றம் வந்தால் அடிக்கோடு அப்படியே இருக்கும், பத்தாவது கோடு ஏறக்குறைய அழிந்துவிடும். மேல் கோடுகள் எவ்வளவு கூர்மையாக இருக்கின்றன என்று பார்த்தாலே துடிப்பின் ஒழுங்கு தெரிந்துவிடும்.

ரீடவுட் அலறலுக்குத் திரும்புவோம். 30 ஹெர்ட்ஸை விரிசல் ஒலிப்பாக விளக்கப் போனால் வேகம் 400 மீட்டருக்கு விரிசலின் நீளம் ஏழு மீட்டருக்கும் குறைவாக வர வேண்டும். அதோடு பத்து நிமிடத்துக்குள் அதே விரிசல் முப்பது மடங்கு சுருங்கியிருக்க வேண்டும். பொருந்தவில்லை. அலறல் முதன்முதலில் வருவதற்குச் சற்று முன்னே அதே மலையில் அச்சு எடுத்த மாதிரி ஒன்றுபோலவே இருந்த சிறு நிலநடுக்கங்கள் வரிசையாக வந்தன. இடைவெளி குறைந்துகொண்டே போனது. விநாடிக்கு ஒன்று, ஐந்து, பத்து என்று நெருங்கி, கடைசியில் தனித்தனியாகப் பிரிக்க முடியாமல் ஒன்றோடொன்று கலந்தன. கலந்த பிறகு நம் கண்ணுக்குத் தெரிவது ஏறும் கோடுகள். அதாவது விநாடிக்கு முப்பது முறை ஒரே இடம் வழுக்கி, மாட்டி, வழுக்கிக்கொண்டிருந்தது. குழாயின் சுவரில் மாக்மா உரசி ஏறும் இடம் அது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸில் 2004இல் தொடங்கிய வெடிப்பிலும் கெட்டியான குழம்புத் தூண் வெளியே வரும்போது இதே ஒட்டி வழுக்கும் வேலை நடந்ததாகக் கருதுகிறார்கள். அங்கே நிதானமாக, நிமிடத்துக்கு ஒன்றிரண்டு என்று மேளம் தட்டுவது போல வந்தது. வேகம் மட்டும்தான் வித்தியாசம்.

ரீடவுட்டில் கடைசியில் வரும் அந்தப் பத்து முதல் அறுபது விநாடி மௌனம்? உராயும் இடத்தில் அழுத்தம் ஏறும் வேகம் ஓர் அளவைத் தாண்டிவிட்டால் மாட்டி வழுக்குவது நின்று, அதிர்வே இல்லாமல் தொடர்ச்சியாக நழுவத் தொடங்கிவிடும். அமைதி என்பது ஓய்வு அல்ல, உச்சகட்ட வேகம். நிகராகுவாவின் டெலிகாவில் 2011இல் மௌனத்துக்கு வேறு காரணம் சொன்னார்கள்: வாயு போகும் வழி அடைபட்டது, சீறல் நின்றது, உள்ளே அழுத்தம் சேர்ந்தது. அங்கே அமைதி எவ்வளவு நீண்டதோ அடுத்த வெடிப்பு அவ்வளவு பெரிதாக இருந்தது. எச்சரிக்கை மணியை நடுக்கம் கூடும்போது மட்டும் அடிக்கும்படி அமைத்து வைத்திருக்கும் எந்த ஏற்பாடும் இந்த இரண்டு மலைகளிலும் தவறான நேரத்தில் ஓய்ந்துவிடும். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லத் தயார்.

ஹவாயின் கிலாவேயாவில் இதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. 2008 முதல் 2018 வரை ஹலேமாஉமாஉ பள்ளத்துக்குள் லாவா ஏரி ஒன்று கிடந்தது. சில நேரம் ஏரி மட்டம் மெல்ல உயரும், ஓரத்தில் தெறிப்பது நின்றுவிடும், அதோடு நடுக்கமும் விழுந்துவிடும். தெரியாதவர் மாக்மா புதிதாக மேலே வருகிறது என்றே நினைப்பார். உண்மையில் மேல் தோலுக்கு அடியில் வாயு நுரையாகச் சேர்ந்து ஏரியை உப்பவைக்கிறது, பொங்கும் பாலில் ஆடை தூக்குகிற மாதிரி. ஏதோ ஒரு கணத்தில் தோல் கிழிந்து தெறிப்பு தொடங்கும், நுரை வடியும், மட்டம் நிமிடங்களில் இறங்கும், நடுக்கம் ஏறும். அங்கே மாக்மா மேலே வந்தால் நடுக்கம் என்று இல்லை, வாயு வெளியேறினால் நடுக்கம்.

மாக்மா அசையவே இல்லாமலும் நடுக்கம் வரும். ஜப்பானின் ஓன்டாகேயில் 2014 செப்டம்பர் 27 காலை 11:41க்கு நடுக்கம் தொடங்கியது. 11:45க்கு மலை லேசாக உப்புவது சாய்வுமானியில் தெரிந்தது. 11:52க்கு வெடித்தது. நிலத்தடித் தண்ணீர் சூடேறி ஆவியாகிப் பீறிட்ட வெடிப்பு அது. சனிக்கிழமை, இலையுதிர்காலம், மதிய உணவு நேரம், உச்சி முழுக்க மலையேறிகள். இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 63 பேர். எச்சரிக்கை மிகக் கீழான முதல் நிலையிலேயே இருந்தது. 3,067 மீட்டர் உயரத்தில் இருப்பவருக்குப் பதினோரு நிமிடம் எதற்குப் போதும்? கொதிநீர் வெடிப்புகளில் மேலே வரும் பொருள் எளிதில் விரியும் ஆவி. அது கெட்டி மாக்மா மாதிரி நாள்கணக்கில் பாறையை உடைத்துக்கொண்டு வருவதில்லை.

இப்போது கருவிப் பக்கம். இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள்.

மலிவாகக் கிடைக்கும் 4.5 ஹெர்ட்ஸ் ஜியோபோன் எனும் சிறிய நில அதிர்வுமானி அந்த அதிர்வெண்ணுக்குக் கீழே உணர்திறனைச் செங்குத்தாக இழக்கும். 1 ஹெர்ட்ஸ் நடுக்கம் அதில் சுமார் இருபதில் ஒரு பங்காகத்தான் தெரியும். இத்தாலியின் ஸ்ட்ரோம்போலியில் பெரிய வாயுக் குமிழி குழாயில் ஏறும்போது மாக்மா கீழிறங்குவதால் வரும், பத்து விநாடிக்கும் மேலான மெல்லிய தள்ளல் சுத்தமாகக் காணாமலே போகும். மலையில் வைப்பதாக இருந்தால் மூன்று திசையும் பதியும், மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணையும் விடாத அகலப்பட்டைக் கருவிதான் வேண்டும். அரை மீட்டராவது குழி தோண்டி, பாறையோடு சேர்த்து, வெப்பம் ஏறி இறங்காதபடி மூடி வைக்க வேண்டும். சோலார் தட்டையும் ஆண்டெனாக் கம்பத்தையும் அதே அடித்தளத்தில் நட்டால் காற்றில் கம்பம் ஆடுவதெல்லாம் அழகான நடுக்கமாகப் பதிவாகும்.

அதிர்வை விநாடிக்கு 100 முறை அளந்தால், அதாவது 100 மாதிரி எடுத்தால், 50 ஹெர்ட்ஸ் வரைதான் தெரியும். ரீடவுட் மாதிரி அடிக்கோடு 30க்குப் போனால் அதன் இரட்டிப்பு 60, அது படத்துக்கு வெளியே. ஏணி போல இருந்த கோடுகள் ஒற்றைக் கோடாகிவிடுவது இதனால்தான். மலை மாறிவிட்டது என்று அர்த்தமில்லை. ஸ்பெக்ட்ரோகிராம் போடப் பதிவை 1,024 மாதிரி கொண்ட துண்டுகளாக வெட்டினால் ஒரு துண்டு பத்து விநாடி, அதிர்வெண் 0.1 ஹெர்ட்ஸ் வரை பிரியும். நிலையான நடுக்கத்துக்கு இது அருமை. வேகமாக ஏறும் கோட்டுக்கு இது ஆகாது, பத்து விநாடிக்குள் கோடு நகர்ந்து மேல் மடங்குகள் புகையாகிவிடும். 256 மாதிரிக்கு இறங்க வேண்டும். கோடு தடிக்கும், ஆனால் வளைவு தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே சரி.

வீச்சுக்கு எல்லோரும் பயன்படுத்துவது ஆர்-சாம் எனும் சராசரி. பதிவின் நடுமட்டத்தைக் கழித்து, 0.5 முதல் 5 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விட்டு, கூட்டல் கழித்தல் குறியை நீக்கி, பத்து நிமிடத்துக்கு ஒரு சராசரி. 60,000 மாதிரிக்கு ஒரு எண். ஒரு மாதத்தையும் ஒரே பார்வையில் அடக்கிவிடும் அற்புதமான எளிமை. ஆனால் தூரத்தில் வந்த ஒரு பெரிய நிலநடுக்கமும் அதில் முள் போல ஒரு திடீர் உச்சம், மலையேறும் லாரியும் ஒரு முள். சராசரிக்குப் பதில், வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை எண்ணை எடுத்தால் பாதி முள் போய்விடும். மீதியைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

போலி நடுக்கங்களில் மோசமானது ஹெலிகாப்டர். இறக்கை சுழலும் வேகத்தில் 10 முதல் 30 ஹெர்ட்ஸுக்குள் அடிக்கோடும் அதன் மடங்குகளும் வரும், அதுவும் சரிந்து நகரும். விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் பறந்தால் 13 ஹெர்ட்ஸ் கோடு, ஹெலிகாப்டர் நெருங்கும்போது 15க்கு மேலும், விலகும்போது 11 சொச்சத்திலுமாகத் தெரியும். எல்லா மடங்குகளும் ஒரே முறை கீழே சரிந்தால், ஒவ்வொரு நிலையத்திலும் அந்தச் சரிவு வெவ்வேறு நேரத்தில் வந்தால், அது தலைக்கு மேலே போனது. ஐஸ்லாந்தின் ஹெக்லாவில் இப்படிப்பட்ட பதிவுகளைத் தனியாகவே ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். காற்று, பனியாறு நொறுங்குவது, மழைக்குப் பின் சேற்று வெள்ளம் எல்லாமும் இதே பட்டியல்தான். நிலையங்கள் அனைத்திலும் ஒரே அதிர்வெண் உச்சம் இருந்தால் மூலத்துக்குச் சொந்தம், நிலையத்துக்கு நிலையம் மாறினால் அந்தந்த இடத்து மண்ணுக்குச் சொந்தம். இந்த ஒரு சோதனை நிறையத் தவறுகளைத் தடுக்கும்.

பி, எஸ் அலைகள் இல்லாததால் நடுக்கத்தின் இடத்தை வழக்கமான முறையில் குறிக்க முடியாது. வீச்சு தூரத்தோடு எப்படித் தேய்கிறது என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தூரம் இரட்டித்தால் பாறைக்குள்ளே பரவும் ஆழ அலை பாதியாகும், மேற்பரப்பு அலை 0.7 பங்காகும். அதற்கு மேல் நொறுங்கிய எரிமலைப் பாறை உயர் அதிர்வெண்ணை விழுங்கும். சுமாரான எரிமலைப் பாறையில் 2 கிலோமீட்டர் கூடுதலாகப் போனால் 2 ஹெர்ட்ஸ் 12 சதவீதம் தேயும், 10 ஹெர்ட்ஸ் பாதியாகும். தூரத்து நிலையத்தில் எல்லாமே நீள்கால அதிர்வு மாதிரி தெரிவதற்கு இதுவும் காரணம், பக்கத்து நிலையத்தில் பார்த்தால் அது சாதாரண உடைப்பாக இருக்கும்.

1989 டிசம்பரிலும் இதே ரீடவுட்தான். வெடிப்புக்கு முந்தைய 23 மணி நேரம் நீள்கால அதிர்வுகள் கொத்தாக வந்தன, 14ஆம் தேதி வெடித்தது. மறுநாள் சாம்பல் மேகத்துக்குள் போன கேஎல்எம் 747 விமானத்தின் நான்கு எஞ்சினும் நின்று, கீழே சரிந்துகொண்டிருக்கும்போது திரும்ப இயங்கி, ஆங்கரேஜில் பத்திரமாக இறங்கியது. அந்தக் கொத்தின் அர்த்தத்தைப் புரிந்துகொண்ட ஷூவே, ஜனவரி 2 வெடிப்புக்கு முன்பே எச்சரித்தார். இருபது வருடம் கழித்து அதே மலை எச்சரித்த விதம் முற்றிலும் வேறு. ஒரு மலையின் பழைய பழக்கத்தை மட்டும் நம்பியும் இருக்க முடியாது.

ஒழுங்காகத் துடித்தால் வெடிப்பு நெருங்கிவிட்டது என்று ரீடவுட்டைப் பார்த்து முடிவெடுத்தால் ஹவாயின் மவுனா கேயாவில் மாட்டிக்கொள்வோம். அந்த மலை கடைசியாக வெடித்து நாலாயிரத்து ஐந்நூறு வருடத்துக்குப் பக்கம் ஆகிறது. அதன் அடியில் 20 முதல் 25 கிலோமீட்டர் ஆழத்தில் ஏழிலிருந்து பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக நீள்கால அதிர்வுகள் வந்துகொண்டே இருக்கின்றன. 1999 முதல் பத்து லட்சத்துக்கும் மேல். மாக்மா எதுவும் ஏறவில்லை. அடியில் தேங்கிய மாக்மா ஆறிப் படிகமாகிறது. படிகம் ஏற்காத வாயு மீதிக் குழம்பில் அடர்ந்து, தாங்க முடியாத அளவு வந்ததும் குமிழியாகப் பிரிந்து ஒரு விரிசலைத் தட்டுகிறது. பிறகு ஏழு நிமிடமோ பன்னிரண்டு நிமிடமோ கழித்து இன்னொரு தட்டு.